மிதிவண்டியில் கியர் மாற்றுதல்

மிதிவண்டியில் கியர் மாற்றுதல் என்பது, மிதிகட்டையின் ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தொலைவைச் சாலையின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் செயலாகும். கியர் என்பதற்குப் பல்லிணை என்ற தமிழ்ச்சொல் உண்டு. எனினும் மிதிவண்டிக் கடைகளிலும் ஓட்டுவோரிடையேயும் கியர் என்ற சொல்லே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அதுவே பயன்படுத்தப்படுகிறது.

சமவெளியில் ஒரே கியர் கொண்ட வண்டியே போதுமானது. கியர் மாற்றுதலின் தேவை மலைச்சாலையில்தான் முழுமையாக விளங்கும். இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறும் போடிமெட்டுச் சாலை ஆகும்.

போடிமெட்டு ஏற்றம்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 (முன்னர் 49) இவ்வூர் வழியாகச் சென்று, முந்தல் என்னுமிடத்தில் மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தமிழக-கேரள எல்லையான போடிமெட்டை அது அடைகிறது. அங்கிருந்து பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறுக்குச் செல்கிறது. முந்தலுக்கும் போடிமெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் சாலை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர்கிறது. அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சராசரியாக 5 மீட்டர் ஏற்றம்.

ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், சரக்கு வண்டிகளும், சுற்றுலா வண்டிகளும் இச்சாலையைப் பயன்படுத்துகின்றன. ஆகவே வளைவின் நடுவே மிதிக்க முடியாமல் நின்றுவிடுவது சோர்வு தரும் செய்தி மட்டுமன்று. பின்னால் ஏறிவரும் வண்டி தன் வேகத்தை இழக்க விரும்பாது. முன்னால் இறங்கிவரும் வண்டிக்கு வளைவின் மறுபக்கம் தெரியாது.

வேலையும் விசையும்

கியர் வண்டி ஏற்றத்தின் உழைப்பைக் குறைத்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். இது சரியன்று. உழைப்பின் மொத்த அளவு மாறுவதில்லை, அது பங்கிடப்படும் விதமே மாறுகிறது. இதனை எளிய கணக்கு ஒன்றின் மூலம் காணலாம்.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். 5 விழுக்காடு ஏற்றத்தில் புவியீர்ப்பை எதிர்க்க ஏறத்தாழ 39 நியூட்டன் விசையும், சக்கரத்தின் உருளல் உராய்வுக்கு மேலும் 6 நியூட்டன் அளவிலும் தேவைப்படும். மெதுவாக ஏறும்போது காற்றின் தடையைப் புறக்கணிக்கலாம். ஆக 45 நியூட்டன். இவ்விசையுடன் 20 கிலோமீட்டர் செல்ல 900 கிலோஜூல் வேலை செய்தாக வேண்டும். பயிற்சி பெறாத, உடல்நலமுள்ள ஒருவர் 100 வாட்டு திறனைச் சீராக வெளியிட்டால் அவரது வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராக இருக்கும். போடிமெட்டை அடைய இரண்டரை மணிநேரம் ஆகும். இதுவரையில் கியருக்கு இடமே இல்லை.

வேறுபாடு மிதிகட்டையில்தான் தோன்றுகிறது. நம் ஊர்களில் காணப்படும் வழக்கமான கறுப்பு நிற 28 அங்குல வண்டியில் முன் பற்சக்கரத்துக்கு 44 பற்களும் பின் பற்சக்கரத்துக்கு 18 பற்களும் இருப்பின், மிதிகட்டையின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.46 மீட்டர் நகரும். 26 அங்குலச் சக்கரம் கொண்ட கியர் வண்டி ஒன்றில் முன்பக்கம் 24 பற்களும் பின்பக்கம் 28 பற்களும் கொண்ட மிகத் தாழ்ந்த கியரில் அது 1.76 மீட்டர் மட்டுமே. மேற்கூறிய 8 கிலோமீட்டர் வேகத்தில் முதலாமவர் நிமிடத்துக்கு 24 முறை மிதிப்பார், இரண்டாமவர் 75 முறை மிதிப்பார். முதலாமவரின் கால் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 23 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தரவேண்டும். இரண்டாமவருக்கு ஏழரை கிலோ போதும். 900 கிலோஜூல் வேலையை ஒருவர் 3,660 சுற்றுகளிலும் மற்றவர் ஏறத்தாழ 11,400 சுற்றுகளிலும் செய்து முடிக்கின்றனர்.

ஏற்றம் 10 விழுக்காடாகச் செங்குத்தாகும் இடத்தில் நிலைமை மேலும் மோசமாகிறது. ஒற்றைக் கியர் வண்டியில் தேவைப்படும் சராசரி விசை 44 கிலோவாக உயரும். மிதிகட்டை நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கும் கணங்களில் காலால் பயனுள்ள விசையைத் தர இயலாது. எனவே அது கிடையாக வரும்போது சராசரியைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 69 கிலோ தேவைப்படும். 62 கிலோ எடையுள்ள ஒருவர் மிதிகட்டையின் மேல் முழு உடலையும் ஏற்றி நின்றாலும் இது போதாது. மலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது சோம்பலினால் அன்று என்பதற்கு இக்கணக்கே சான்று. அதே இடத்தில் தாழ்ந்த கியரில் சராசரி 14 கிலோ, உச்சத்தில் 22 கிலோ.

உறுப்புகள்

பரவலாக விற்பனையாகும் 21 கியர் வண்டியில் முன்பக்கம் மூன்று பற்சக்கரங்களும் பின்பக்கம் ஏழு பற்சக்கரங்களும் உள்ளன. சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசெல்லும் கருவி சங்கிலி மாற்றி ஆகும். இது முன்னும் பின்னும் ஒவ்வொன்று இருக்கும். கைப்பிடியிலுள்ள நெம்புகோல் அல்லது திருகுப்பிடி, கம்பிவடத்தை இழுத்து இதனை இயக்குகிறது. பொதுவாக இடக்கை முன் மாற்றிக்கும் வலக்கை பின் மாற்றிக்கும் உரியவை.

கற்பவரைக் குழப்புவது ஒரு முரண்பாடு. முன்பக்கம் சிறிய பற்சக்கரம் மிதிக்க எளிதானது, பின்பக்கமோ பெரிய பற்சக்கரம்தான் எளிதானது. எண்களை நம்பினால் இக்குழப்பம் நீங்கும். இரு கைகளிலும் 1 என்பது எளிதானது, எண் கூடக்கூட மிதிப்பது கடினமாகும்.

21 என்பது விற்பனைக்கு உதவும் எண் என்றே கூறவேண்டும். முன்பக்கம் 42, 34, 24 பற்களும் பின்பக்கம் 14 முதல் 28 வரையான பற்களும் கொண்ட வண்டியில், 42-க்கு 28 என்பதும் 24-க்கு 16 என்பதும் ஒரே விகிதம் (1.5) ஆகும். ஏறக்குறைய சமமான இணைகள் வேறு சிலவும் உண்டு. மேலும் முன்பக்கப் பெரியதையும் பின்பக்கப் பெரியதையும், அல்லது சிறியதையும் சிறியதையும், சேர்த்துப் பயன்படுத்தினால் சங்கிலி கோணலாக ஓடி விரைவில் தேயும். இவற்றைக் கழித்தால் பயனுள்ளவை பன்னிரண்டுக்குச் சற்று மேலாகவே தேறும். மலையேற்றத்துக்கு உண்மையில் முக்கியமானது கியர்களின் எண்ணிக்கை அன்று, மிகத் தாழ்ந்த கியர் எவ்வளவு தாழ்ந்தது என்பதே.

மாற்றும் முறை

சங்கிலி மாற்றியால் நிற்கும் சங்கிலியை நகர்த்த முடியாது. சங்கிலி முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதே வேளையில் அதன் மேல் இழுவிசை குறைவாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைய, ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தாமல், அழுத்தத்தை மட்டும் அரைச் சுற்று அல்லது ஒரு சுற்று நேரம் தளர்த்தி, அப்போது நெம்புகோலை இயக்கவேண்டும். சங்கிலி புதிய பல்லில் அமர்ந்த ஒலி கேட்டபின் மீண்டும் அழுத்தலாம். இதுவே முழுத் திறமையும் ஆகும். எஞ்சியது எப்போது மாற்றுவது என்பது.

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் இதில் தவறுவதுண்டு. அதில் கிளட்சு செய்யும் வேலையை இங்குக் காலின் தளர்வு செய்கிறது. மோட்டார் சைக்கிளை நிறுத்திய பின்னும் முதல் கியருக்குக் கொண்டுவரலாம். இவ்வகை மிதிவண்டியில் அது இயலாது. ஆகவே நிற்கப்போகும் முன்னரே தாழ்ந்த கியருக்கு வந்துவிடவேண்டும்.

ஏற்றத்தில் அழுத்தத்தைத் தளர்த்தினால் வண்டி சில நொடிகளில் நின்றுவிடும். தளர்த்தாமல் மாற்றினாலோ சங்கிலி பல் நழுவும், அல்லது கழன்றுவிடும். கால் திணறத் தொடங்கிய பின் கியரைத் தேடுபவர் இந்த இக்கட்டில் சிக்குகிறார். எனவே ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, வேகம் இருக்கும்போதே மாற்றுவது இன்றியமையாதது. குறிப்பாக முன்பக்க மாற்றி, சங்கிலியின் இறுகிய மேற்பகுதியைத் தள்ளவேண்டியிருப்பதால் அழுத்தத்தின் கீழ் எளிதில் பணியாது. முந்தலை அடையும் முன்னரே முன்பக்கச் சிறிய பற்சக்கரத்துக்கு வந்துவிட்டு, அதன்பின் மலை முழுவதும் வலக்கையால் மட்டும் மாற்றுவது கற்பவருக்கு ஏற்ற வழி.

கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பு வெளிவிளிம்பை விடக் குறுகியது, ஆனால் இரண்டும் ஒரே உயரத்தை ஏறுகின்றன. ஆதலால் உள்விளிம்பு செங்குத்தானது. இந்தியாவில் சாலையின் இடப்பக்கம் செல்வதால், ஏறுபவர் இடப்புறம் திரும்பும் வளைவுகளில் உள்விளிம்பிலும், வலப்புறம் திரும்பும் வளைவுகளில் வெளிவிளிம்பிலும் செல்கிறார். ஆகவே இடப்புற வளைவு கண்ணில் பட்டவுடன் ஒன்று அல்லது இரண்டு கியர் குறைத்துக்கொள்வது நன்று.

பழகத் தொடங்குவோர் முதலில் ஆள் நடமாட்டம் குறைந்த சமதளச் சாலையில், பின்பக்கக் கியர்களை மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். அதன்பின் போடியிலிருந்து முந்தல் வரையிலான மென்மையான ஏற்றத்தில், மிதிக்கும் வேகம் மாறாதவாறு கியரை மாற்றப் பழகலாம். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்றுகள் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதற்குப் பின்னரே வளைவுகள்.

மலையேறும் முன் செய்யவேண்டிய சோதனை ஒன்றும் உண்டு. பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து மிதிகட்டையைக் கையால் சுழற்றி, மிகத் தாழ்ந்த கியருக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். பின் மாற்றியின் எல்லைத் திருகாணி சரியாக அமையாவிட்டால் சங்கிலி பெரிய பற்சக்கரத்தையும் தாண்டிக் கம்பிகளுக்குள் விழும், மாற்றியே சக்கரத்தில் சிக்கி முறியவும் கூடும். சமவெளியில் மாதக்கணக்கில் தெரியாமலிருக்கும் இக்குறை, முதல் கியரை முதன்முறையாக நாடும் மலையில்தான் வெளிப்படும்.

இறக்கத்தில்

சரக்கு வண்டிகளும் ஜீப்புகளும் தாழ்ந்த கியரில் இறங்குகின்றன. எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மிதிவண்டியில் இது நடவாது. பின் பற்சக்கரம் ஒரு திசையில் தடையின்றிச் சுழல்வதால், முதல் கியரில் இருந்தாலும் ஏழாம் கியரில் இருந்தாலும் வண்டி ஒரே வேகத்தில்தான் உருளும். போடிமெட்டிலிருந்து முந்தல் வரை இறங்கும்போது வெளிப்படும் ஏறத்தாழ 785 கிலோஜூல் ஆற்றலில், காற்றும் உராய்வும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதை பிரேக்குகளே வெப்பமாக மாற்றவேண்டும். வளைவுக்கு முன் அழுத்தி, வளைவுக்குள் தளர்த்தி, இடையிடையே நின்று ஆறவிட்டு இறங்குவது இதனால்தான். வலக்கை பிரேக் எந்தச் சக்கரத்துக்கு உரியது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடலாம். இறங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நலம்.

இறக்கத்தில் சங்கிலியை முன்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் வைத்திருந்தால் அது துள்ளிக் கழலாது. ஆனால் அடிவாரத்துக்குச் சற்று முன் மீண்டும் நடுக் கியருக்கு வரவேண்டும். மழைக்காலத்திலும் மூடுபனியிலும் இச்சாலையில் இறங்காதிருப்பதே நல்லது. வடகிழக்குப் பருவமழையின்போது மண்சரிவும் ஏற்படுவதுண்டு.

வரலாறு

சக்கரத்தின் குடத்துக்குள் கியர்களை அடக்கிய இங்கிலாந்தின் சுடர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் அமைப்பு 1902 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவ்வகையில் வண்டி நிற்கும்போதும் கியரை மாற்றலாம். சங்கிலி மாற்றியின் வரலாற்றிலோ மலைப்பாங்கான ஊர் ஒன்றுக்கு இடமுண்டு. பிரான்சின் செயிந்-எத்தியென் நகரில் வாழ்ந்த பால் தெ விவி (1853-1930), "வெலோசியோ" என்ற புனைபெயரில் எழுதி, பல கியர் கொண்ட வண்டிகளை வாழ்நாள் முழுவதும் ஆதரித்தார். தூர் தெ பிரான்சு பந்தயத்தை நடத்திய ஆன்றி தெகிரான்சு இதற்கு எதிரானவர். கியர் மாற்றுவது வலிமையற்றோருக்கு உரியது என்பது அவரது கருத்து. ஆகவே பந்தய வீரர்கள் பின் சக்கரத்தின் இருபுறமும் வேறுவேறு அளவுள்ள பற்சக்கரங்களைப் பொருத்தி, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினர். 1903 ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பந்தயத்தில் சங்கிலி மாற்றி 1937 ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு வென்ற ரோழே லப்பெபி அதனைப் பயன்படுத்தியவர்.

நெம்புகோலின் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு கியர் என்ற முறையைச் சப்பானின் சிமானோ நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் பரவலாக்கியது. அதற்கு முன் நெம்புகோலை எவ்வளவு தள்ளுவது என்பதைக் காதும் கையும்தான் அறிந்திருந்தன. இன்று கற்பவருக்குச் சில நாட்களில் கைகூடுவது அன்று பல வாரங்கள் பிடித்தது. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கிவரும் விலையில்லா மிதிவண்டிகள் ஒற்றைக் கியர் வண்டிகளாகும். போடிப் பகுதி மாணவர்கள் பலர் கியர் வண்டியைக் கையாளும் முன் நன்கு அறிந்திருப்பது இவ்வகை வண்டியையே.