சூரியன் சூடேற்றும் சுவர்

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், குளிர்கால இரவுகளில் உஷ்ணநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கிவிடுவதும், விறகு மிக அரிதாயிருப்பதுமான லடாக்கின் லே பிரதேசத்தில், மேகமற்ற ஆகாயத்தில் சூரியன் மட்டும் ஆண்டின் பெரும்பகுதி குறைவின்றிப் பிரகாசிக்கிறான். அந்தச் செல்வத்தை வீணாக்கலாகாது என்று கருதிய செக்மோல் என்னும் கல்வி இயக்கம், பே கிராமத்தருகே தன் மண் கட்டடங்களைத் தெற்கு நோக்கியே எழுப்பியிருக்கிறது. குளிர்காலச் சூரியன் தென்வானில் தாழ்ந்து சஞ்சரிப்பதால், அவன் கிரணங்கள் ஜன்னல் வழியே அறையின் உட்புறம்வரை எட்டுகின்றன. கனத்த மண் சுவர்கள் பகலெல்லாம் அவ்வுஷ்ணத்தைக் கிரகித்து, இரவில் மெல்ல மெல்லத் திருப்பித் தருகின்றன.

கண்ணாடிக்குப் பின்னே கருநிறம் பூசிய சுவரை நிறுத்தி இதே பலனைப் பெறும் முறைக்கு அமெரிக்கரான எட்வர்ட் மோர்ஸ் 1881-லேயே காப்புரிமை பெற்றார். எனினும், பிரான்ஸின் ஒதெய்யோ கிராமத்தில் 1967-இல் அம்முறையில் வீடு அமைத்த ஃபெலிக்ஸ் துரோம்பின் பெயரே அச்சுவருக்கு நிலைத்துவிட்டது. லடாக்கிலும் அத்தகைய சுவர்கள் பல உண்டு. செக்மோல் கட்டடங்களிலோ, குளிர்காலத்தில் தென்புறம் விரிக்கும் பிளாஸ்டிக் திரையைக் கோடையில் அகற்றிவிடுகிறார்கள். இந்த எளிமையே எனக்குப் பெரிதும் போற்றத்தக்கதாகத் தோன்றுகிறது.