ஏலத்தில் ஹைபிரிட் கார்: கழற்றி விற்றால் கட்டுப்படியாகுமா?

சென்ற மாதம் மந்தாரக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என் மண்டிக்கு வந்தார். சரக்கு எடுத்து முடித்த பிறகும் போகாமல் நின்றார். "அண்ணாச்சி, நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து ஏலத்துல ஒரு கார் எடுக்கலாம்னு இருக்கோம். ஹைபிரிட் கார். விபத்துல அடிபட்டது. ஓட்டுறதுக்கு இல்ல, கழற்றி விக்கத்தான். பேட்டரி மட்டுமே லட்சத்துக்கு மேல போகுமாம்" என்றார். முதலுக்குப் பணம் ஏது என்று கேட்டேன். தீபாவளிச் சரக்குக்கு ஒதுக்கி வைத்தது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஏலத்தில் வண்டி எடுத்துப் பிரித்து விற்பது நெய்வேலி வட்டார வியாபாரிகளுக்குப் புதிதல்ல. சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊர். கண்டம் ஆன ஜீப்பும் லாரியும் அம்பாசிடரும் ஏலத்துக்கு வரும். காயலான் கடைக்காரர்கள் மட்டுமல்ல, சொந்தமாக லோடு வண்டி வைத்திருந்த நம்மவர்களும் கூட்டுச் சேர்ந்து எடுப்பார்கள். ஒரு வண்டியின் கியர் பாக்ஸ் நம் வண்டிக்கு, டயரும் டைனமோவும் விற்பனைக்கு, மீதி எடைக்கு என்று கணக்கு நேராகிவிடும்.

அந்த வழி இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. மத்திய, மாநில அரசுகள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு நீட்டிப்பு கிடையாது. 2021-இல் வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்குத்தான் அவை போக வேண்டும். எம்.எஸ்.டி.சி. இணையதளத்தில் ஏலம் வந்தாலும், அந்த வகை வண்டிக்கு நாமும் விலை கேட்கலாம் என்று எண்ணி உட்கார வேண்டாம். நமக்கு எஞ்சியிருப்பவை வங்கியும் நிதி நிறுவனமும் பறிமுதல் செய்த வண்டிகளும், இன்சூரன்ஸ் கம்பெனிகள் மூலம் வரும் விபத்து வண்டிகளும், வெள்ளத்தில் மூழ்கியவையும்தான். தம்பி பார்த்து வைத்த கார் இந்த இரண்டாவது வகை. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நட்டம் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். மிச்சம் ஏலத்துக்கு வரும்.

ஹைபிரிட் என்பது பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். டொயோட்டா கம்பெனி 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டும் 2010-இல் பிரியஸும் வந்தன. விலை அதிகம் என்பதால் அவை இங்கே அதிகம் ஓடவில்லை. 2022-இல் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி, அந்த ஆண்டுக் கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் என்று வரிசையாக வந்த பிறகுதான் நம் பக்கத்துச் சாலைகளில் ஹைபிரிட்டைப் பார்க்கிறோம்.

பேட்டரி லட்சத்துக்குப் போகும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், கொழும்பில் போய் முடிகிறது. ஜப்பானில் ஓடிய பிரியஸ், அக்வா, வெசல் கார்களைப் பழைய வண்டியாகவே இறக்குமதி செய்து ஓட்டும் நாடு இலங்கை. வந்து இறங்கும்போதே பேட்டரிக்குச் சில வயது ஆகியிருக்கும். போதாததற்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பிப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருக்கிற வண்டியை வைத்தே ஓட்டியாக வேண்டும். பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடைத்தெருவில் பழைய பேட்டரிக்குக் கிராக்கி இருந்ததில் வியப்பில்லை. பிரியஸ் பேட்டரியில் 7.2 வோல்ட் வீதம் 28 கட்டைகள், மொத்தம் 201.6 வோல்ட். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றி ஓட்டுவார்கள். ஆனால் வயதான கூட்டத்தில் ஒரு புதுக் கட்டையைச் சேர்த்தால், அடுத்த பலவீனமான கட்டை சீக்கிரமே படுத்துவிடும். அந்த வேலை தெரிந்தவர்கள் அளந்து, ஜோடி பார்த்துத்தான் போடுவார்கள்.

இந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. இங்கே டொயோட்டாவும் மாருதியும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். 2022-இல் வாங்கியவருக்கு 2030 வரை பேட்டரி போனால் கம்பெனி மாற்றிக் கொடுக்கும். காசு கொடுத்துப் பழைய பேட்டரியை யார் வாங்குவார்? மிக அதிகம் ஓடிய வாடகை வண்டிகள் சில இருக்கலாம். அவற்றை நம்பி மூன்று பேரின் தீபாவளி முதலைப் போட முடியாது. என்ஜினும் அப்படித்தான். கிராண்ட் விட்டாராவில் ஹைபிரிட்டுக்கு ஓர் என்ஜின், சாதா பெட்ரோலுக்கு வேறு என்ஜின். ஓடுகிற வண்டி குறைவாக இருந்தால் உதிரி கேட்பவரும் குறைவு.

இன்று கேள்வி இருப்பது கதவு, பானட், டிக்கி, விளக்கு, கண்ணாடி, இருக்கை, ஏ.சி. பாகங்களுக்கு. அவற்றில் பெரும்பாலானவை அதே மாடலின் சாதா பெட்ரோல் வண்டிக்கும் பொருந்தும். ஆகவே ஏலத்தில் வரும் ஹைபிரிட் காரைச் சாதா கார் என்று நினைத்தே விலை போட வேண்டும். பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் மூன்றுக்கும் பட்டியலில் பூஜ்யம். பின்னால் ஏதாவது கிடைத்தால் அது பிள்ளையார் உண்டியலுக்கு.

பேட்டரியை வைப்பதும் தனித் தொல்லை. ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் போகிறவை. இணைப்பைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் இன்வெர்ட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். நம் ஊர் வெல்டிங் பட்டறைப் பையனை ஸ்பானருடன் அனுப்பும் வேலை அல்ல இது. கிராண்ட் விட்டாராவில் இருப்பது லித்தியம் பேட்டரி. அடிபட்டது என்றால் நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். சர்க்கரை மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கிய குடோனில் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, கெட்ட பேட்டரி பதிவு பெற்றவரிடம்தான் போக வேண்டும். எடைக்குப் போடுகிற பொருள் அல்ல.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் நானும் ஒரு பங்காளியும் ஓர் ஏலத்தில் இரண்டு பழைய வேன்களை 38,000 ரூபாய்க்கு எடுத்தோம். முதல் வேனைக் குனிந்து நிமிர்ந்து பார்த்தோம். மழை பிடித்துக்கொண்டதால் இரண்டாவது வேனின் பானட்டைத் தூக்கவில்லை. இரண்டும் ஒரே வயது, ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்தோம். கொண்டுவந்து திறந்தால் என்ஜின் பிளாக்கில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். கியர் பாக்ஸ் கூடு மட்டும் இருந்தது, உள்ளே பல் சக்கரம் ஒன்றுகூட இல்லை. 'உள்ளது உள்ளபடி' என்று ஏல நிபந்தனையில் இருந்தது. யாரைக் கேட்பது? ஐந்து மாதம் பணம் முடங்கியது. அந்தப் பொங்கலுக்கு வெல்லமும் மல்லாட்டையும் கடனில் எடுத்தேன். வேனில் போன பணத்தைவிட அந்த வட்டிதான் எனக்கு அதிகம் உறைத்தது.

ஏலத் தொகை மட்டும் விலை அல்ல. அதன்மேல் ஜி.எஸ்.டி., ஏலக் கட்டணம், சென்னையிலிருந்து இழுத்துவர வாடகை, பிரிக்கும் கூலி எல்லாம் உண்டு. நம்மில் பலர் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறோம். அவர்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. அதுவும் அடக்க விலையில் சேரும். குறித்த நாளில் பணம் கட்டி வண்டியை எடுக்காவிட்டால் முன்வைப்புத் தொகை போய்விடும்.

ஆர்.சி. விஷயத்தில் அலட்சியம் கூடாது. வண்டியை அழித்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துச் சான்றை ஒப்படைக்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு ரத்தானதற்குத் தாள் கையில் இல்லாமல் ஒரு கதவைக்கூடக் கழற்ற வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகள் உடைபடும் இடம் என்று பெயரெடுத்து, 2021 டிசம்பரில் போலீஸ் நடவடிக்கையால் மூடப்பட்டது. அங்கே ஒழுங்காக ரசீது வைத்து வியாபாரம் செய்தவர்களும் சிலராவது இருந்திருப்பார்கள்.

தம்பியை உட்கார வைத்துப் பட்டியல் எழுதினோம். விற்கக்கூடிய பாகங்கள் 3,60,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு விலை போகாமல் தங்கும் என்பது என் அனுபவம். ஆக 2,40,000. செலவு 55,000 போனால் 1,85,000. மூவருக்கும் சேர்த்து லாபம் 35,000 வேண்டும் என்றால், 1,50,000-க்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. அவர்கள் முதலில் 3,00,000 வரை போவதாக இருந்தார்கள்.

ஏலத்தன்று இரவு தம்பி போன் செய்தார். 1,50,000-இல் நின்றுகொண்டாராம். கார் 2,80,000-க்குப் போயிருக்கிறது. "எடுத்தவங்களுக்கு என்ன கணக்கோ அண்ணாச்சி" என்றார். அடுத்த வாரம் சென்னைக்குப் போனவர், புதுப்பேட்டையில் தன் டாடா ஏஸ் வண்டிக்கு ஒரு பழைய கியர் பாக்ஸ் வாங்கி வந்தார். ரசீதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் கடைக்குப் போனார்.