முகாமும் கூடாரமும்: தேவாலாப் பொன்மலையில் தங்கியோர் பற்றிய சில குறிப்புகள்

கூடாரமடித்து மலையிலே ஓரிரு இரவுகள் தங்கிவருதல் அண்மைக் காலத்தில் நமது நடுத்தர வர்க்கத்தினரின் ஓய்வுநேர முயற்சிகளுள் ஒன்றாகியுள்ளது. இப்பழக்கத்தைக் குறிக்கத் தமிழில் வழக்கூன்றிய தனிச்சொல் இல்லை என்பது நோக்கற்பாலது. தற்காலிக உறைவிடங்களைக் குறிக்கும் சொற்கள் நம்மிடம் இல்லாமலில்லை. ஆனால் அவை வேறொரு வாழ்க்கையைச் சேர்ந்தவை. கல்முனையை அண்டிய கரையோர ஊர்களில் வாடி என்றால் கரைவலைத் தொழிலாளர் பருவகாலத்தில் ஒதுங்கும் ஓலைக்கொட்டில். வயலிலே விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் வேளாண்மைக்காரர் தங்குவதும் வாடிதான். பரண் என்பது யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிக் கண்விழிக்கும் காவலிடம். முகாம் என்ற சொல் கேட்டதும் 1980களுக்குப் பிற்பட்ட தலைமுறைக்கு நினைவில் எழுவது அகதி முகாம், அல்லது இராணுவ முகாம். கூடாரமோ, 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின் பின்னர் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடிழந்தவர்கள் வெக்கையில் நாட்கழித்த இடம். அக்கரைப்பற்றில் வீடிழந்தோருக்கெனச் சவூதி அரேபிய உதவியுடன் நுரைச்சோலையில் எழுப்பப்பட்ட ஐந்நூறு வீடுகள், பகிர்வு இனப்பிரச்சினையாக்கப்பட்டு வழக்குக்குச் சென்றமையால் பல்லாண்டுகள் ஆளின்றிப் பற்றையேறிக் கிடந்ததையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

பழைய இலக்கியத்திலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. குறிஞ்சித் தலைவி இதணத்திலே இருந்து கிளியோட்டுகிறாள். அது தினைப்புனக் காவல், அதாவது உழைப்பு. முல்லைப்பாட்டிலும் நெடுநல்வாடையிலும் வரும் பாசறை போருக்குச் சென்ற அரசனின் தங்குமிடம். கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களிடையே வழங்கும் காதற் கவிகளிலும் வயற்காவல் பேசப்படுகிறது. ஆயினும் காதலுக்காக எவரும் காவலுக்குப் போனதில்லை, காவலுக்குப் போன இடத்தில் காதல் நேர்ந்தது. மலையில் தங்குவதே நோக்கமாக மலையில் தங்குதல் என்பது முதலாளித்துவ நகர வாழ்க்கையின் விளைவு. ஒருவர் விரும்பிக் கூடாரத்தில் உறங்குவதற்கு, திரும்பிச் செல்ல அவருக்கு ஒரு வீடு வேண்டும். அவர் உறங்கும் நிலம் யாருடைய உழைப்புக்கும் உடனடியாகத் தேவைப்படாததுபோலத் தோன்றவும் வேண்டும். இவ்விரண்டாவது நிபந்தனையே நமது ஆய்வுக்குரியது. கைவிடப்பட்ட சுரங்க நிலம் இந்நிபந்தனையை மிக இலகுவில் நிறைவேற்றுவதாகத் தென்படும். அது உண்மைதானா என்பதை, நமது நாட்டின் வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய ஓரிடத்தை முன்வைத்து நோக்குவோம்.

தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், கூடலூரிலிருந்து கேரளத்தின் வயநாட்டை நோக்கிச் செல்லும் மலைத்தொடரில் அமைந்தவை தேவாலா, பந்தலூர் ஆகிய சிற்றூர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம். தென்மேற்குப் பருவமழை மிகக் கடுமையாக இறங்கும் சரிவு. 1877 வரை மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இப்பிரதேசம் தென்கிழக்கு வயநாடு எனப்பட்டது. இங்குள்ள வெள்ளைப் படிகக்கற் படைகளில் பொன் உண்டு. ஓடைமணலை மரத்தட்டில் அலசிப் பொன்னரித்தலும் மலைச்சரிவைக் குடைந்து கல்லெடுத்தலும் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே நிகழ்ந்தன. இத்தொழிலைச் செய்தவர்கள் குறும்பரும் பணியரும். பலனை அடைந்தவர்கள் நிலத்தின் ஜன்மிகளும் நம்பாலக்கோட்டைத் தலைவரைப் போன்றவர்களும். பணியர் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய அடிமைகள். வள்ளியூர்க்காவுத் திருவிழாவிலே அவர்களை ஆண்டுக்கணக்கில் பேசிப் பிடிக்கும் வழக்கம் அடிமைமுறை சட்டத்தால் நீக்கப்பட்டு நெடுங்காலத்துக்குப் பின்னரும் நீடித்தது.

1860களில் அவுஸ்திரேலியச் சுரங்க அனுபவமுள்ளவர்கள் இங்கு தேடத் தொடங்கினர். 1874இல் தேவாலாவில் அல்பா என்னும் கம்பனி அமைந்தது. எனினும் பெருவேட்கைக்கு வழிவகுத்தது 1879இல் அரசாங்கம் றொபேட் புறூ சிமித் என்பவரை வரவழைத்தமையாகும். அவர் விக்ரோறியா மாநிலச் சுரங்கத் துறையின் முன்னாட் செயலாளர். அம்மாநிலத்தின் ஆதிக்குடிகள் பற்றி 1878இல் இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டவர். ஆதிக்குடிகளைப் பற்றி அத்துணை எழுதியவருக்கு, குறும்பர் தோண்டிய பழங்குழிகள் அம்மக்களின் வரலாற்றைக் காட்டிலும் பொன் இருக்கும் இடத்துக்கான சான்றாகவே பயன்பட்டன. நம்பிக்கையூட்டும் அவரது அறிக்கையைத் தொடர்ந்து 1880ஐ அண்டிய இரண்டொரு ஆண்டுகளில், பெரும்பாலும் இலண்டனிலே, நாற்பதளவிலான கம்பனிகள் தோன்றின. அவற்றின் பெயரளவு மூலதனம் நாற்பது இலட்சம் பவுணைத் தாண்டியது. பந்தலூரில் விடுதிகளும் வங்கியும் குதிரைப்பந்தயத் திடலும் எழுந்தன.

இக்கம்பனிகள் வாங்கிய நிலத்தின் பெரும்பகுதி கோப்பித் தோட்டங்கள் என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டும். 1869இல் இலங்கையிலே முதன்முதல் அறியப்பட்ட கோப்பி இலைநோய் நமது மலையகக் கோப்பியை அழித்தவாறே வயநாட்டையும் பீடித்திருந்தது. நட்டத்தில் இருந்த துரைமார் நோயுற்ற தோட்டங்களைப் பொன்நிலமென இலண்டன் கம்பனிகளுக்குப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். திரட்டப்பட்ட மூலதனத்தின் கணிசமான பகுதி, ஒரு கல் உடைபடுமுன்பே, நிலம் விற்றவர்களினதும் கம்பனி தொடக்கியவர்களினதும் கைக்குச் சென்றது. 'மூலதனம்' மூன்றாந் தொகுதியில் மார்க்ஸ் கற்பனை மூலதனம் என விளக்கும் நிகழ்வுக்கு இதனினும் தெளிவான உதாரணம் தென்னாசியாவிற் காண்பது அரிது. உண்மையிலே அகழப்பட்ட இடம் இலண்டன் பங்குச்சந்தையேயன்றித் தேவாலா அன்று எனலாம்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மேற்பரப்பில், மழையாலும் காற்றாலும் சிதைந்த படைகளில், பொன் தனித்துக் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும். பரிசோதனைக்குத் தெரிந்தெடுத்த துண்டுகள் அத்தகையவை. ஆழஞ் செல்லச் செல்லப் பொன் குறைந்ததோடு, இரும்புக் கந்தகக் கனிமத்துடன் பிணைந்தும் காணப்பட்டது. அக்காலத்து முறையோ, இரும்பு உலக்கைகள் பொருத்திய இயந்திரத்தில் கல்லை இடித்துப் பொடியைப் பாதரசத்தின் மேல் ஓடவிடுவது. தனிப்பொன்னைப் பாதரசம் பற்றும். பிணைந்த பொன் நழுவி ஓடிவிடும். ஒரு தொன் கல்லுக்குச் சில கிராம்களே கிடைத்தன. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கம்பனிகள் மூடுண்டன. முதலீட்டாளரின் ஊக்கம் மைசூர் சமஸ்தானத்துக் கோலாருக்கு நகர்ந்தது. அங்கு பொன் உண்மையாகவே கிடைத்தது, 2001 வரை அகழப்பட்டது. வயநாட்டிலோ பொன்நிலம் மீண்டும் தோட்டமாயிற்று. கோப்பி போய்த் தேயிலை வந்தது.

அவர்கள் விட்டுச்சென்றவை குழிகள். மலைக்குள் கிடையாகச் செல்லும் சுரங்கவழிகளும் நிலைக்குத்தாக இறங்கும் துளைகளும் இன்றும் அச்சரிவுகளில் உள்ளன. பலவற்றின் வாயில் உண்ணிச்செடி மூடிக்கிடக்கிறது. பகலிலேயே கண்டுகொள்வது கடினம். மரத்தாங்கிகள் உளுத்துப்போன கிடைவழிகளில் மழைக்காலத்தில் கூரை இறங்கும். காற்றோட்டமற்ற ஆழங்களில் உயிர்வளி குறையும். பழைய சுரங்க மலையிலே இரவு தங்குதல் சாதாரண மலையில் தங்குவதினின்றும் வேறுபட்டது என்பதற்கு இவை போதுமான காரணங்கள். ஆயின் இக்குழிகள் வெறுமையாக இல்லை. அதற்குள் இறங்கியவர்கள் யார் என்பதை அறிய நாம் மண்டபத்துக்குச் செல்லவேண்டும்.

இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்தியது. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் காட்டும் மக்கள் இவ்வுழைப்புச் சந்தையின் பிள்ளைகள். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களின் வழித்தோன்றல்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்கள் பாட்டன் பாட்டி புறப்பட்ட அதே மண்டபம் முகாமிலே இறங்கினர். 1983இன் பின் அதே முகாம் அகதி முகாமாயிற்று. அரசாங்கத் தாள்களில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'; கூடலூர்ச் சந்தையில் 'சிலோன்காரர்'.

இவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரிக் காடுகளை வெட்டித் தேயிலை நடத் தொடங்கியது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. பந்தலூர், சேரங்கோடு, நெல்லியாளம் ஆகியன அதன் முக்கிய பிரிவுகள். ஹற்றனில் விட்டுவந்த லயன் அறை இங்கே மீண்டும் கிடைத்தது. கழகத்தில் இடங்கிடையாதோரும் புனர்வாழ்வுக் கடன் உரிய வேளையில் கிட்டாதோரும் தனியார் தோட்டங்களிலும் புறம்போக்கிலும் ஒதுங்கினர். அவர்களிற் சிலரே, தேயிலைக் கூலி போதாத நாட்களில், தேவாலாக் குழிகளுக்குள் இறங்கினர். அவர்கள் கையாள்வது 1880இன் முறையின் எளிய வடிவம்: உளியாற் பெயர்த்த கல்லை இடித்து, அரைத்து, பாதரசத்தில் உருட்டி, கிடைத்த கலவையைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்குதல். அந்த ஆவி நுரையீரல்வழி உட்சென்று நரம்பு மண்டலத்தைத் தாக்கும். வடிந்த நீர் ஓடைக்குச் செல்லும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது, இந்தியா 2018இல் அதனை ஏற்புறுதி செய்தது என்பன குழிக்குள் இருப்பவனுக்கு எட்டாத செய்திகள். மண்சரிந்து இறந்தோரும் உளர். ஒவ்வொரு சாவின் பின்னும் வாயில்கள் அடைக்கப்படுகின்றன; பின்னர் வேறு வாயில் திறக்கிறது. கம்பனி தோண்டியபோது தொழில்முயற்சி எனப்பட்டது, இவர்கள் தோண்டும்போது சட்டவிரோதம் எனப்படுகிறது.

கூடலூர்–வயநாட்டு மலைத்தொடர் இன்று விடுதிகளும் கூடாரங்களும் பெருகிய சுற்றுலா நிலம். மழை, மூடுபனி, தேயிலைச் சரிவு, பழைய சுரங்கம் ஆகிய யாவும் அங்கு காட்சிப்பொருள்கள். சீகூர் யானை வழித்தடத்திலிருந்த விடுதிகள் பல 2018இல் முத்திரையிடப்பட்டன. அவ்வழித்தடம் பற்றிய சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஒக்டோபரில் உறுதிசெய்தது. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத் தங்கலுக்கு வந்த பெண்ணொருவரை யானை கொன்றது. அதன் பின்னரே அத்தகைய தங்கல்களுக்கு அனுமதி உண்டா என அதிகாரிகள் தேடினர். 2024 யூலை 30ஆந் திகதி அதே மேப்பாடிப் பகுதியின் முண்டக்கை, சூரல்மலை ஆகிய இடங்களில் இறங்கிய மண்சரிவு இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தோருள் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் பல. பயணி ஒருவர் வானிலை அறிவிப்பைப் பார்த்து வராமலிருக்கலாம். லயனில் இருப்பவருக்கு அத்தெரிவு கிடையாது.

மலைச்சுரங்கங்கள் தங்குமிடங்களாவதில் இயல்பாகவே தீங்கொன்றுமில்லை. கலிபோர்ணியாவின் சியரா நெவாடாவில், நீரைப் பீய்ச்சி மலையையே கரைத்துப் பொன்னெடுத்த மலக்கோவ் டிக்கின்ஸ் இன்று மாநிலப் பூங்கா. அங்கு கூடாரமடிக்க ஒழுங்கான இடமுண்டு. சேறு இறங்கித் தம் வயல்களை மூடுவதாக ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் தொடுத்த வழக்கில் 1884இல் தீர்ப்புக் கிடைத்தமையாலேயே அந்த அகழ்வு தளர்ந்தது. அந்நிலம் பொதுவுடைமை, எல்லைகள் வரையறுக்கப்பட்டுள்ளன, நடந்த அழிவு வரலாறாகக் காட்டப்படுகிறது. ஆனால் அம்மலையின் பூர்வகுடிகளான நிசினான் மக்கள் அங்கு உரிமையாளராக இல்லை. பூங்கா என்ற அமைதி, ஆட்கள் அகற்றப்பட்ட பின்னரே கிடைத்தது. தேவாலாவில் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வேறுபாடு அதுவே.

இருக்கிறார்கள் எனினும் எந்த உரிமையில் என்பது தீராத வழக்கு. நிலம்பூர்க் கோவிலகத்துக்குரிய ஏறத்தாழ 80,000 ஏக்கர் ஜன்ம நிலத்தை அரசுடைமையாக்கும் கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் 1969இல் நிறைவேறியது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்ட பின்னரும் வழக்கு ஓயவில்லை. 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய பெயர்பெற்ற தீர்ப்பு இச்சட்டத்தை முன்னிட்டு எழுந்ததே. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்ட மாணவர் அத்தீர்ப்பின்வழி கற்கின்றனர். ஆனால் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குட்பட்ட நிலங்களிற் குடியேறியவர்களுக்கு நெடுங்காலம் பட்டாவும் இல்லை, மின்னிணைப்பும் இல்லை. 2022இல் தேயிலைக் கழகத்தின் இரண்டாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் மீள ஒப்படைக்க அரசு தீர்மானித்தது. காடு மீளல் நல்லதே. யானைக்கும் ஆற்றுக்கும் அது தேவை. அதே ஆண்டில், ஓய்வுபெற்ற தொழிலாளர் லயன் அறைகளைக் காலிசெய்வது பற்றிய சர்ச்சை எழுந்தது. அரசு வீட்டுத்திட்டமொன்றை அறிவித்தது. 1968க்குப் பின் வந்து அந்தத் தேயிலையை நட்டவர்களே அந்த ஓய்வூதியர்கள். அவர்கள் விட்டுச்செல்லும் லயன் அறைகள் எதற்குப் பயன்படும் என்று எந்த ஆவணமும் திட்டமாகக் கூறுவதாகத் தெரியவில்லை. மலையகத்திலே, நமது பக்கத்தில், பழைய துரை பங்களாக்கள் என்னவாயின என்பதை நுவரெலியா வீதியிற் சென்றோர் அறிவர்.