அந்நியமாதலும் ஒப்புரவும்

கீழைச் சிந்தனை வேறு, மேலைச் சிந்தனை வேறு. இரண்டும் ஒன்றையொன்று அறியா எனக் கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு அரபு மொழியில் உரை கண்டவர் குர்துபா நகரத்து இப்னு ருஷ்து (1126–1198). அவ்வுரைகளின் இலத்தீன் பெயர்ப்புகளைத் துணைக்கொண்டே ஐரோப்பியர் அரிஸ்டாட்டிலை ஆழ்ந்து கற்றனர். மொழி பெயர்ப்பே தத்துவ உரையாடலின் முதற்படி என்பதை இஃது உணர்த்தும்.

அத்தகைய உரையாடல் நம் கொங்கு நாட்டிலும் நிகழ்ந்துள்ளது. தாராபுரத்தில் பிறந்த எஸ்.வி. ராஜதுரை, எக்சிஸ்டென்ஷியலிசத்தைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்தும் நூலை 1975இல் அளித்தார். 1979இல் 'அந்நியமாதல்' என்னும் நூலை வெளியிட்டார். சோமனூரில் பிறந்த கோவை ஞானி (1935–2020) தமிழாசிரியராகப் பணியாற்றியவர். மார்க்சியத்தைத் தமிழ் இலக்கிய மரபோடு இணைத்து ஆராய்ந்தவர். பார்வை இழந்த பின்னரும் பிறர் படிக்கக் கேட்டு, தம் எழுத்துப் பணியைத் தொடர்ந்தார்.

அந்நியமாதல் என்பது யாது? 1844இல் எழுதப்பெற்று 1932இல் அச்சேறிய கையெழுத்துப் படிகளில் கார்ல் மார்க்ஸ் இதனை விளக்குகிறார். உழைப்பவன் தான் படைத்த பொருளிலிருந்தும், தன் உழைப்பிலிருந்தும், தன் மனிதத் தன்மையிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும் பிரிந்து போகிறான். முதல் நூற்பாலை 1888இல் தோன்றிய கோவைக்கு இக்கருத்து அயலானது அன்று. நாள் முழுதும் துணி நெய்தும், அத்துணி தனக்குரியதாகாத கூலித் தறியாளனின் வாழ்வே இதற்குச் சான்றாகும்.

இனி, வள்ளுவர் பக்கம் வருவோம். திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். முயன்று ஈட்டிய பொருள் தக்கார்க்கு உதவுதற்கே உரியது என்கிறார் வள்ளுவர். அத்தகையோன் செல்வத்தை ஊருணிக்கும், ஊர் நடுவே பழுத்த மரத்திற்கும் ஒப்பிடுகிறார்.

இவ்விரண்டையும் எதிரெதிரே அமர்த்தினால் இரண்டும் பயன்பெறும். ஒப்புரவு, பொருளுடையோனின் நெஞ்சை நோக்கிப் பேசுகிறது. ஆயின் நெய்பவன் ஏன் வறியனாகவே இருக்கிறான் என்னும் வினாவை அது எழுப்பவில்லை. அவ்வினாவை மார்க்ஸ் எழுப்புகிறார். எனினும், அமைப்பு மாறிய பின்னும் மனிதன் பிறரை உறவாகக் கருதுவானா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. ஆங்கே வள்ளுவர் தேவைப்படுகிறார்.

'எல்லாம் குறளிலேயே உள்ளது' என்பதும், 'எல்லாம் ஐரோப்பாவிலிருந்தே வந்தது' என்பதும் உரையாடல் ஆகா. இரண்டும் பிறர் சொல்லைக் கேட்க மறுக்கும் செவிகளே. தம் மரபைக் கேள்விக்கு உட்படுத்தும் துணிவும், பிறர் மரபிடம் கற்கும் பணிவும் உடையார்க்கே உரையாடல் கைகூடும். தமிழ் பயிலும் மாணவர், தறியோசை கேட்கும் இம்மண்ணில் நின்றே அப்பணியைத் தொடரலாம், தொடர வேண்டும்.