ஆழ்துளை நில அதிர்வுப் படிமமாக்கல்

ஆழ்துளை நில அதிர்வுப் படிமமாக்கல் என்பது ஆழ்துளைக் கிணற்றுக்குள் உணரிகளை இறக்கி, பாறை வழியே வரும் அதிர்வலைகளைப் பதிவு செய்து, நிலத்தடி அமைப்பை அறியும் புவி இயற்பியல் முறை ஆகும். எண்ணெய், எரிவாயு ஆய்வில் பரவலாகப் பயன்படும் இம்முறை, கடும்பாறையில் நீருள்ள வெடிப்புகளை அறியவும் உதவும்.

கடும்பாறையும் நீரும்

திருப்பூர் மாவட்டம் பல்லடம் வட்டாரத்தில் மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் கீழே நைஸ் வகைக் கடும்பாறை உள்ளது. இப்பாறையில் நீர் வெடிப்புகளில் மட்டுமே தங்கும். இதனால் அருகருகே தோண்டிய இரு போர்வெல்களில் ஒன்றில் நீரும் மற்றொன்றில் வெறும் புழுதியும் வரக்கூடும். ஆயிரம் அடி தோண்டியும் நீர் இல்லையெனில் செலவு முழுதும் வீணாகும்.

அளவிடும் முறை

தரையில் சம்மட்டியால் அடித்தோ எடையை விழச் செய்தோ அதிர்வு உண்டாக்கப்படுகிறது. கிணற்றில் வெவ்வேறு ஆழங்களில் உள்ள உணரிகள் அலை வந்து சேரும் நேரத்தைப் பதிகின்றன. உறுதியான நைஸ் பாறையில் அமுக்க அலை நொடிக்கு 5 முதல் 6 கி.மீ. வேகத்தில் செல்லும், சிதைந்த, வெடித்த பாறையில் வேகம் குறையும்.

தரையிலேயே உணரிகளை வைத்தால், அலைகள் தளர்வான மேலடுக்கை இருமுறை கடக்க நேர்ந்து, உயர் அதிர்வெண்களை இழக்கும். நொடிக்கு 5,500 மீட்டர் வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 110 மீட்டர். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு 11 மீட்டர். அலைநீளம் குறையக் குறைய நுண்ணிய அமைப்புகள் தெரியும்.

குழாய் அலை

நீர்வரத்துள்ள வெடிப்பு சில மில்லிமீட்டர் அகலமே இருக்கலாம். ஆயினும் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். அமுக்க அலை வெடிப்பை நெருக்கும்போது, அதிலுள்ள நீர் கிணற்றுக்குள் பிதுங்குகிறது. அந்த அழுத்தம் கிணற்று நீரில் மேலும் கீழும் ஏறத்தாழ நொடிக்கு 1.4 கி.மீ. வேகத்தில் பரவும். இதுவே குழாய் அலை. அது தொடங்கும் ஆழமே வெடிப்பின் ஆழம். நீர் புக வழியில்லாத மூடிய வெடிப்பு இத்தகைய அலையை எழுப்பாது. கடும்பாறைப் போர்வெல்லில் மேற்பகுதிக்கு மட்டுமே கேசிங் பைப் இறக்கப்படுவதால், கீழ்ப்பகுதி இவ்வளவீட்டுக்கு ஏற்றது.

கொய்னா ஆய்வு

இயற்கை நடுக்கங்களையும் ஆழ்துளையில் பதியலாம். மகாராட்டிரத்தின் கொய்னாவில் 1967 டிசம்பர் 10 அன்று 6.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. பின்னாளில் அங்கு ஆழ்துளைகளில், பசால்ட் அடுக்குக்குக் கீழுள்ள பாறையில் பதிவுக் கருவிகள் பொருத்தப்பட்டன. மேற்பரப்பு இரைச்சல் குறைந்ததால் சிறு நடுக்கங்களின் இடத்தைத் துல்லியமாகக் கணிக்க முடிந்தது. 2017இல் 3 கி.மீ. ஆழ முன்னோடித் துளையும் அங்கு தோண்டி முடிக்கப்பட்டது.

வரம்புகள்

அளவிட ஏற்கெனவே ஒரு துளை வேண்டும். குழாய் அலை எழ அதில் நீரும் நிற்க வேண்டும். கருவிச் செலவும் அதிகம். தனி விவசாயியைவிட, பல கிணறுகளை ஒருங்கே ஆராயும் திட்டங்களுக்கே இது பொருந்தும். மேலும், இம்முறை நீர் வரும் வழியைக் காட்டுமேயன்றி, அவ்வழியில் கோடையிலும் நீர் வருமா என்பதைக் காட்டாது. அது மழையையும், நிலத்துக்குள் இறங்கும் நீரின் அளவையும், சுற்றிலும் இறைக்கப்படும் அளவையும் பொறுத்தது.