தெளிப்பான் வாஷருக்கு எந்த கிரீஸ்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மாந்தோப்புகளில் பூ எடுக்கும் பருவம் வந்தால், தெளிப்பானுக்கு ஓய்வில்லை. பம்பு இறுகினால், கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலைத் தடவுகிறவர்கள் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால், இயற்கை ரப்பர் வாஷர் ஊதி இளகிவிடும். பிறகு கசியும் மருந்து நம் முதுகில்தான் இறங்கும்.

இயற்கை ரப்பர், இ.பி.டி.எம். வாஷர்களுக்கு சிலிகான் கிரீஸ் ஏற்றது. நைட்ரைல் வாஷர் என்றால் சாதாரண கிரீஸையும் தாங்கும்.

எந்த ரப்பர் என்று தெரியவில்லையா? கழற்றிய பழைய வாஷரை நன்றாகக் கழுவி, காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். அதை இரண்டு நாள் அந்த எண்ணெயில் ஊறவிட்டு, மீண்டும் கோட்டின் மேல் வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பெருத்திருந்தால், அந்த எண்ணெய் வேண்டாம்.

கையுறை போட்டு, தெளிப்பானை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே வாஷரைக் கழற்றுங்கள். கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும்.