மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தங்களையே சோதித்துக்கொள்ளும் பள்ளிகள்

அமெரிக்காவில் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்தால், பெரும்பாலான ஊர்களில் பள்ளிக்கூடமே மாறிவிடுகிறது. அதுவரை ஒரே அறை, பெரும்பாலும் ஒரே ஆசிரியை. இனி பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணியடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென்றே தனியாக நடக்கும் இந்தப் பள்ளிக்கு ‘மிடில் ஸ்கூல்’ என்று பெயர். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கும் நம்மூர் நடுநிலைப் பள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குரல் உடைகிற, திடீரென்று உயரம் கூடுகிற, நண்பன் சொல்வது வேதவாக்காகிற வயது இது. கைக்குழந்தைப் பருவத்தை விட்டால் மனிதர் இவ்வளவு வேகமாக வளரும் காலம் வேறில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளின் தேவை ஒன்று, பள்ளிகள் நடக்கும் விதம் வேறொன்று என்று கார்னகி அமைப்பின் ‘டர்னிங் பாயின்ட்ஸ்’ அறிக்கை 1989லேயே எச்சரித்தது. பெரிய பள்ளியைச் சிறு சிறு குழுக்களாகப் பிரியுங்கள், ஒவ்வொரு மாணவரையும் நன்றாக அறிந்த ஒரு பெரியவராவது பள்ளிக்குள் இருக்கட்டும் என்றது.

இந்தக் கவலையின் தொடர்ச்சியாக, மிடில் ஸ்கூல் வகுப்புகளின் சீர்திருத்தத்துக்கென 1997இல் ஒரு தேசிய மன்றம் உருவானது. நல்ல மிடில் ஸ்கூல் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே இருப்பதைவிட, இருக்கிற நல்ல பள்ளியைக் காட்டிவிடலாம் என்று அது முடிவெடுத்தது. 1999இல் நான்கு பள்ளிகளைத் தேர்ந்து ‘ஸ்கூல்ஸ் டு வாட்ச்’ (கவனிக்க வேண்டிய பள்ளிகள்) என்று அறிவித்தது. கென்டக்கி, டெக்சாஸ் மாநிலங்களில் தலா ஒன்று, இல்லினாயில் இரண்டு. 2002இல் கலிபோர்னியா, ஜார்ஜியா, வட கரோலினா மாநிலங்கள் தாங்களே இப்படிப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. பிறகு வேறு பல மாநிலங்களும் சேர்ந்துகொண்டன.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து இந்த அங்கீகாரம் தருவதில்லை. பாடத்தில் தரம் இருக்க வேண்டும், சரி. அந்த வயதின் உடல், மன வளர்ச்சியைப் புரிந்து பள்ளி நடக்கிறதா? ஏழை வீட்டுப் பிள்ளை, ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளை, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை எல்லோருக்கும் நல்ல பாடமும் நல்ல ஆசிரியரும் ஒன்றுபோலக் கிடைக்கிறார்களா? இவை மூன்றையும் தாங்கி நிற்கும் நிர்வாக ஏற்பாடு உண்டா? இந்த நான்கையும் சேர்த்தே பார்க்கிறார்கள். என் கணிப்பில் ‘எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைக்கிறதா’ என்ற கேள்விதான் மிகக் கடினமானது. சராசரி மதிப்பெண் உயர்ந்து நிற்கும் பள்ளியிலும் பின்வரிசைப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

முக்கியமான சங்கதி, பள்ளி தானாக முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது. பள்ளிகளுக்கென அமெரிக்க அரசு 1982இல் தொடங்கிய ‘புளூ ரிப்பன்’ விருதுக்கு அரசுப் பள்ளிகளை மாநிலக் கல்வித் தலைமைதான் பரிந்துரைத்தது. இங்கே அப்படியில்லை. தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் உட்கார்ந்து, மன்றம் வகுத்த அளவுகோலில் தங்கள் பள்ளிக்குத் தாங்களே மதிப்பீடு போடுகிறார்கள். எங்கே சறுக்குகிறோம் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். விண்ணப்பம் தேறினால் ஒரு குழு நேரில் வருகிறது. வகுப்புகளில் அமர்ந்து பார்க்கிறது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்று தனித்தனியே பேசுகிறது. காகிதத்தில் உள்ளது பள்ளிக்குள்ளும் இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

தேர்வானாலும் அந்தப் பெயர் மூன்று ஆண்டுக்குத்தான். அதன் பிறகு, இடைப்பட்ட காலத்தில் என்ன முன்னேறினோம் என்று காட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பழைய கேடயத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. வேறு பள்ளிகளின் ஆசிரியர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளக் கதவையும் திறந்து வைக்க வேண்டும்.

“நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது” என்று ஒரு பள்ளி ஒதுங்கி நிற்பது இயல்புதான். ஆனால் குறையே இல்லாத பள்ளியை இவர்கள் தேடவில்லை. ‘கவனிக்க வேண்டிய பள்ளி’ என்ற பெயரே, சரியான திசையில் ஏறிக்கொண்டிருக்கும் பள்ளி என்ற பொருளில் வைத்ததுதான். தேர்வாகாமல் போனாலும், ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து தங்கள் பள்ளியை அலசிப் பார்த்த அந்த வேலை வீணாகாது. அதற்காகவே விண்ணப்பிக்கலாம் என்பேன்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலரின் பிள்ளைகள் இந்த மிடில் ஸ்கூல் வகுப்புகளில்தான் படிக்கிறார்கள். வீடு பார்க்கும்போது இணையத்தில் பள்ளியின் மதிப்பெண் தரவரிசையைத் தேடும் நாம், இந்த அங்கீகாரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். உங்கள் மாநிலத்தில் இந்தத் திட்டம் இருந்து, உங்கள் பிள்ளையின் பள்ளி இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் அதைக் கேளுங்கள்.